மேகக்காட்டுக் கோப்பியும் ‘உண்மைச் சமாதானம்’ என்ற மலைநாடும்

நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பச்சைக் கோப்பி இரண்டு விதமாக வந்து சேர்கிறது. மலிவான கோப்பிக்குச் சாக்கு இல்லை. கொள்கலனின் உட்புறம் முழுவதையும் மூடும் ஒரு பெரிய பையினுள் மணலைப் போலக் கொட்டப்பட்டு வருகிறது. கொள்கலனைச் சரித்தால் தானாகவே ஓடி இறங்கிவிடும். விலைகூடிய கோப்பி மட்டும் இன்னமும் சணல் சாக்கில் வருகிறது. சாக்கின் மேல் நாடு, பிரதேசம், தரம் என்பன அச்சிடப்பட்டிருக்கும். குவாத்தமாலாச் சாக்கு ஒன்று 69 கிலோ. ஐம்பதைத் தாண்டிய என் முதுகுக்கு இந்த எண் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

அந்தச் சாக்குகள் சிலவற்றில் ‘கோபான்’ என்ற பெயர் இருக்கும். வறுத்துப் பொதியிட்டபின் பெட்டிக்குள் ஒரு சிறு அட்டையும் வைக்கிறோம். மேகம் தவழும் காடு, ஓயாத தூறல், நிழல்மரங்கள், கெட்சால் பறவை என்று அந்த அட்டை பேசுகிறது. அதில் சொல்லப்படுவன எவையும் பொய்யல்ல. ஆனால் அந்த மலையில் மனிதர்கள் எப்போதாவது இருந்தார்களா என்பதை அட்டையிலிருந்து அறிய முடியாது.

அந்த அட்டையைக் குறைசொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஊரில் வரலாற்று விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இலங்கையின் கோப்பிக் காலத்தை நான் வருடந்தோறும் ஒரே விரிவுரையில் முடித்தவன். ‘1840 முடிக்குரிய காணிச் சட்டம், 1869 கோப்பி நோய், அதன் பின் தேயிலை’ என்று கரும்பலகையில் மூன்று வரி. காட்டை வெட்டியவர் யார், வெட்டியவர் எங்கே போனார் என்று மாணவர் எவரும் கேட்கவில்லை. நானும் கேட்க வைக்கவில்லை. சாக்குத் தூக்கத் தொடங்கிய பின்னர்தான் அந்த மூன்று வரிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடம் எனக்குத் தெரிந்தது. இக்கட்டுரை அந்தக் கடனின் ஒரு சிறு பகுதி.

பெயரும் நிலமும்

கோபான், குவாத்தமாலாவின் அல்தா வெராபாஸ் மாகாணத்தின் தலைநகர். ‘வெராபாஸ்’ என்றால் ஸ்பானிய மொழியில் உண்மைச் சமாதானம். அதற்கு முன் ஸ்பானியர் அந்த நிலத்தைப் ‘போர்நிலம்’ என்றே அழைத்தனர். படையெடுத்துச் சென்றவர்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. 1537 இல் தொமினிக்கன் துறவி பார்த்தொலோமே தெ லாஸ் காசாஸ் ஓர் உடன்பாட்டை முன்வைத்தார். வாளேந்திய எவரும் உள்ளே வரக்கூடாது, துறவிகள் மட்டும் வேதத்தோடு செல்வார்கள் என்பதே அது. அவ்வாறு வந்ததுதான் இந்தப் புதிய பெயர். அதன்பின் மூன்று நூற்றாண்டுகளுக்கு இந்த மலைகள் ஏனைய குடியேற்றப் பொருளாதாரத்திலிருந்து ஓரளவு ஒதுங்கியே இருந்தன. இங்கு வாழும் கெக்சி மாயா மக்கள் தம் மொழியை இன்றுவரை பெரும்பான்மை மொழியாகக் காத்து வருவதற்கு இந்த ஒதுக்கமும் ஒரு காரணம்.

இயற்கை இங்கே தனித்தன்மை உடையது. கரிபியன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேகமாக அங்கேயே தங்கிவிடுகிறது. வருடத்துக்கு 3000 முதல் 4000 மில்லிமீற்றர் மழை. நாட்கணக்கில் ஓயாத மென்தூறலை அங்குள்ளவர்கள் ‘சிப்பி சிப்பி’ என்கிறார்கள். உயரமான சரிவுகளில் உள்ள மேகக்காட்டில் மரங்களின் கிளைகளை மூடிய பாசியும் ஒட்டுச்செடிகளும் மேகத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக நீராக்கிக் கீழே விடுகின்றன. கோடையிலும் ஓடை வற்றாமல் இருப்பது இதனால்தான்.

அராபிக்காக் கோப்பி எதியோப்பியாவின் மலைக்காடுகளில் பெருமரங்களின் நிழலில் வளர்ந்த செடி. ஆகவே கோபானின் 1300 முதல் 1500 மீற்றர் வரையான உயரம் அதற்குப் பொருந்துகிறது. குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கிறது. கொட்டை இறுகிக் கனமாகிறது. புளிப்பும் இனிப்பும் தங்குகின்றன. குவாத்தமாலாவின் தரப்பிரிப்பில் 1350 மீற்றருக்கு மேல் விளைவது ‘மிகக் கடினக் கொட்டை’ என்ற முதல் தரம். ஆனால் இதே ஈரம் உழைப்பைக் கூட்டுகிறது. மழை ஓயாத மலையில் பூ ஒரே தடவையில் பூப்பதில்லை. எனவே பழமும் ஒரே தடவையில் பழுப்பதில்லை. சிவந்த பழத்தை மட்டும் பறிக்க ஒரே செடிக்குப் பலதடவை போகவேண்டும். வெயிலில் காயவைக்க வெயில் இல்லை. சூடாக்கிய உருளையில் காயவைக்க வேண்டும். அட்டை ‘நறுமணம்’ என்று சொல்வதில் ஒரு பங்கு மேகத்தினுடையது. மறுபங்கு இந்த மேலதிக நடையினுடையது.

சட்டம் விளைவித்த பயிர்

இனி அட்டை சொல்லாத பகுதிக்கு வருவோம். செயற்கைச் சாயங்கள் வந்ததும் குவாத்தமாலாவின் பழைய ஏற்றுமதியான கொச்சினீல் சாயம் வீழ்ந்தது. 1871 இல் ஆட்சியைப் பிடித்த தாராளவாதிகள் கோப்பியில் நாட்டின் எதிர்காலத்தைக் கண்டனர். தடையாக இருந்தவை இரண்டு: நிலம் மாயாக் கிராமங்களின் பொதுவுடைமையில் இருந்தது, உழைப்பும் அந்தக் கிராமங்களின் சோளவயல்களில் இருந்தது. தன் வயலில் சோளம் விளையும் மனிதன் இன்னொருவனுக்குக் கோப்பி பறிக்கப் போவானேன்?

இந்தக் கேள்விக்குச் சந்தை விடை தரவில்லை. சட்டமே தந்தது. 1876 நவம்பரில் ஜனாதிபதி ஹூஸ்தோ ருபீனோ பாரியோஸ் மாகாண அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தோட்டக்காரர் கேட்கும் தொகை ஆட்களைக் கிராமங்கள் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். 1877 ஜனவரியில் வந்த 170 ஆம் இலக்க ஆணை, நீண்டகாலக் குத்தகையில் இருந்த பொதுநிலங்களைத் தனியார் சொத்தாக்க வழிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 177 ஆம் இலக்க ஆணை தொழிலாளரை வகைப்படுத்தியது: தோட்டத்திலேயே குடியிருப்போர், முற்பணம் வாங்கியோர், முற்பணம் வாங்காதோர். ஒவ்வொருவரும் கடன் எழுதிய கைப்புத்தகம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நீங்க முடியாது. ஓடினால் பிடித்துத் தருவது அரசின் கடமை.

ஒரே ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்குள் நிலத்துக்கு ஓர் ஆணை, உழைப்புக்கு ஓர் ஆணை. மூலதனத்தின் தொடக்கத் திரட்டல் பற்றி நாம் பாடப்புத்தகத்தில் படித்ததற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைப்பது அரிது.

இதை உணவு இடைவேளையில் சக தொழிலாளி ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். கைப்புத்தகக் கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டு, “சார், இது நம்ம துண்டுக் கதைதானே. எங்க தாத்தாவுக்கு அவங்க அப்பா சொன்னதாம்” என்றார்.

அவர் சொன்னது சரி. கங்காணியிடம் முற்பணம் வாங்கிக் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் பலரைப் புதைத்து, கண்டி மலைகளின் காட்டை வெட்டிக் கோப்பி நட்ட மக்களின் கடனும் ஒரு துண்டில்தான் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கடனை அடைக்க முன்வரும் இன்னொரு தோட்டத்துக்கே ஆள் மாறமுடியும். இலங்கையில் துண்டுமுறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குவாத்தமாலாவில் கடன் அடிமைமுறை 1934 இல் ஒழிந்தது. ஆனால் அதை அடுத்து வந்த ஆணை போதிய நிலம் இல்லாதவர்களை ‘அலைந்து திரிபவர்’ என்று வரையறுத்து, வருடத்துக்கு 100 முதல் 150 நாள் வரை பிறர் தோட்டத்தில் உழைத்ததைக் கைப்புத்தகத்தில் காட்டவேண்டும் என்றது. நிலத்தைப் பறித்த அரசே நிலமில்லாமையைக் குற்றமாக்கியது. இந்தச் சட்டம் 1945 வரை இருந்தது.

ஒரு வேறுபாட்டையும் மறைக்கக்கூடாது. இலங்கையில் மூலதனம் கண்டி மலைக் கிராமங்களின் உழைப்பை நம்பாமல் வெளியிலிருந்து ஆள்களைக் கொண்டு வந்தது. வெராபாஸில் அந்த நிலத்தின் மக்களையே அந்த நிலத்தில் கூலியாக்கியது. ஆகவே அங்கே ‘வந்தேறி’ என்ற பெயர் தொழிலாளிக்குப் பொருந்தவில்லை. நம் நாட்டில் 1948 இல் அந்தச் சொல்லே சட்டமானது.

ஹம்பேர்க் வரை ஒரு பாதை

அல்தா வெராபாஸின் தோட்டக்காரர்களில் முதன்மையானோர் ஜேர்மனியர். 1887 இல் இரு நாடுகளுக்கும் இடையே வணிக உடன்படிக்கை ஏற்பட்டது. 1888 இல் வந்த எர்வின் பவுல் டீசல்டோர்ஃப் போன்றோர் பெரும் நிலப்பரப்புகளை வாங்கினர். கோப்பி மலையிலிருந்து பொலோச்சிக் பள்ளத்தாக்குக்கு இறங்கி, சிறு இருப்புப்பாதை வழியே பான்சோஸ் துறைக்கு வந்து, ஆற்றுக் கப்பலில் இசபால் ஏரி கடந்து, கடலேறி, ஹம்பேர்க்கிலும் பிரேமனிலும் இறங்கியது. இன்று நான் தூக்கும் சாக்கின் பாதை அன்றே போடப்பட்டது.

டீசல்டோர்ஃப் மாயாத் தொல்பொருள்களைச் சேகரித்து ஆராய்ந்த அறிஞரும்கூட. அதே ஆண்டு தன் சகோதரரின் தோட்டத்துக்கு வந்த கார்ல் சாப்பர் பின்னர் புகழ்பெற்ற புவியியலாளரானார். கெக்சி மக்களைப் பற்றி இவர்கள் எழுதியவை இன்றும் பயன்படுகின்றன. அறிவும் ஆதிக்கமும் ஒரே வீட்டில் குடியிருக்கக்கூடும் என்பதைப் பல்கலைக்கழகங்களில் இருந்து வந்த நாம் மறக்கக்கூடாது. கெக்சி மக்களும் தம் ‘ஆய்வை’ வைத்திருக்கிறார்கள். தோட்டங்களை இரவில் காவல்காக்கும் பாதி மனிதன், பாதி மாடான ‘கெக்’ என்ற உருவத்தைப் பற்றி அவர்கள் கதை சொல்கிறார்கள். அது ஜேர்மன் முதலாளிக்கும் பசுவுக்கும் பிறந்ததாம். மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் உரிய தெய்வமான ‘சூல்தகா’விடம் கேட்காமல் ஒரு விதைகூட ஊன்றாத மக்கள், கேளாமலே மலையை எடுத்தவனை விளங்கிக்கொண்ட விதம் இது.

எல்லோரும் கதையோடு நின்றுவிடவில்லை. பலர் எல்லை தாண்டினர். 1880 களிலிருந்து கெக்சிக் குடும்பங்கள் கட்டாய உழைப்பிலிருந்து தப்பிப் பிரித்தானிய ஹொண்டுராசுக்குள், அதாவது இன்றைய பெலீசின் தொலேதோ மாவட்டத்துக்குள் சென்று குடியேறின. ‘பொருளாதார அகதி’, ‘அரசியல் அகதி’ என்று நம்மைத் தரம்பிரிக்கும் அலுவலகங்களில் காத்திருந்தவர்களுக்கு ஒரு கேள்வி: அந்தக் குடும்பங்கள் எந்த வகை?

இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனியர் பலர் நாடுகடத்தப்பட்டனர், தோட்டங்கள் அரசுடைமையாயின. 1944 புரட்சியின் பின் வந்த பத்து ஆண்டுகள் ஒரு திறந்த கதவு. 1952 இல் ஹக்கோபோ ஆர்பென்ஸ் அரசின் 900 ஆம் இலக்க ஆணை ஏறக்குறைய 1 இலட்சம் குடும்பங்களுக்கு நிலம் வழங்கியது. 1954 இல் அமெரிக்க உளவுநிறுவனம் ஏற்பாடு செய்த சதிப்புரட்சி அந்தக் கதவை மூடியது. கொடுத்த நிலங்கள் பறிக்கப்பட்டன.

பின்னர் நடந்தது நமக்கு அந்நியமான கதையல்ல. 1978 மே 29 இல், முன்பு கோப்பி ஏறிய அதே பான்சோஸில், நிலம் கேட்டுச் சதுக்கத்தில் கூடிய கெக்சி மக்களை இராணுவம் சுட்டது. உண்மை அறியும் ஆணைக்குழு 53 பேர் இறந்ததாகப் பதிவு செய்தது. முன்னணியில் நின்று இறந்த மூதாட்டி அதெலினா கால், ‘மாமா மாகீன்’ என்று அறியப்பட்டவர். 1980 களின் தொடக்கத்தில் இராணுவம் கிராமங்களை எரித்தபோது மக்கள் மேகக்காட்டுக்குள் ஓடிக் காட்டுக்கிழங்கு தின்று ஒளிந்திருந்தனர். அட்டையில் உள்ள மேகமூட்டம் அன்று அவர்களை விமானத்தின் கண்ணிலிருந்து மறைத்தது. அந்தக் காட்டின் பறவைக்குச் சரணாலயம் அமைக்கப் பாடுபட்ட உயிரியலாளர் மாரியோ தாரி, சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது 1981 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 36 வருடப் போரில் 2 இலட்சம் பேர் கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ போயினர் என்றும், அடையாளம் காணப்பட்டோரில் 83 சதவீதத்தினர் மாயா மக்கள் என்றும் 1999 இல் ஆணைக்குழு கூறியது.

கோபான் நகரின் பழைய இராணுவ முகாமில் 2012 இல் தோண்டத் தொடங்கினார்கள். 550 இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அந்த முகாம் அப்போது ஐக்கிய நாடுகள் அமைதிப்படையினருக்குப் பயிற்சி தரும் நிலையமாக இருந்தது. உண்மைச் சமாதானம் என்ற பெயரை நிலத்துக்கு வைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பிரதேசத்தின் பெயருக்கு விலை

‘சிறப்புக் கோப்பி’ என்ற கருத்து இந்தக் காலத்திலேயே பிறந்தது. 1974 இல் கோப்பித் தரகர் எர்னா நட்சன் ஒரு வணிக இதழில் அச்சொல்லைப் பயன்படுத்தினார். தனித்த நுண்காலநிலைகள் தனித்த சுவையைத் தருகின்றன என்பது அவர் கருத்து. 1962 உடன்படிக்கையின் ஏற்றுமதிப் பங்கீட்டுமுறை 1989 ஜூலையில் உடைந்தது, விலை சரிந்தது. 2001 இல் உலகவிலை இறாத்தல் 50 அமெரிக்கச் சதத்துக்கும் கீழே போனது. தோட்டங்கள் ஆள்களை வெளியேற்றின. பெயரில்லாக் கோப்பிக்கு வாழ்வில்லை என்று கண்ட குவாத்தமாலாவின் கோப்பிச் சங்கம் நாட்டை எட்டுப் பிரதேசங்களாகப் பிரித்துச் சந்தைப்படுத்தியது. கோபான் அவற்றில் ஒன்று.

இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிடும் தோழர்களோடு நான் உடன்படவில்லை. கொள்கலனில் மணல்போல் வரும் கோப்பிக்கு ஊரே கிடையாது. ஊரில்லாத பொருளின் உழைப்பாளியைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பமுடியாது. சாக்கில் ஓர் ஊரின் பெயர் இருந்தால், அந்த ஊரின் வரலாற்றைக் கேட்க ஒரு பிடி கிடைக்கிறது. சிறு விவசாயிகளின் கூட்டுறவுகள் சில இந்தப் பிடியைப் பற்றி நல்ல விலை பெற்றும் இருக்கின்றன. என் முறைப்பாடு வேறு. சுவைக்குக் காரணம் உயரமும் மேகமும் மட்டுமே என்று சொல்லும்போது, நிலம் யாருடையதானது, எப்படி ஆனது என்ற கேள்வி இயற்கைக்குள் புதைக்கப்படுகிறது.

காட்டைக் காப்பது பற்றிய பேச்சிலும் இதே தவறு நடக்கிறது. சரிவில் மரம் வெட்டிச் சோளம் விதைக்கும் கெக்சிக் குடியானவனே மேகக்காட்டின் எதிரி என்கிறார்கள். அவன் பள்ளத்தாக்கிலிருந்து சரிவுக்கு ஏன் ஏறினான் என்று கேட்பதில்லை. இன்னொரு பயிரையும் சொல்லவேண்டும். முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஜேர்மன் தோட்டக்காரர் ஒருவர் நம் மேற்குமலைத் தொடரின் ஏலத்தைக் கோபானுக்குக் கொண்டுபோனார். இன்று உலக ஏலக்காய்ச் சந்தையில் குவாத்தமாலா பெரும் ஏற்றுமதி நாடு. காய் பெரும்பாலும் அரபு நாடுகளின் கோப்பிக்குள் போகிறது. ஏலம் நிழலில் வளர்வதால் காட்டின் கீழ்த்தளத்தை வெட்டி அதை நடுகிறார்கள்.

நோயும் பயணம் செய்தது. 1869 இல் இலங்கையில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இலைத்துரு, நம் மலைகளில் இருபது வருடங்களுக்குள் கோப்பியை முடித்தது. அந்தப் பூஞ்சை 1970 இல் பிரேசிலை அடைந்தது. 1980 இல் குவாத்தமாலாவை அடைந்தது. 2012 இல் வெப்பம் கூடிய மலைகளில் அது முன்பு எட்டாத உயரங்களுக்கும் ஏறியது. 2013 பெப்ரவரியில் அரசு அவசரநிலை அறிவித்தது. நாட்டின் கோப்பி நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் பாதிக்கப்பட்டிருந்தது. வேலை இழந்தவர்கள் வடக்கே, அமெரிக்க எல்லையை நோக்கி நடந்தனர். எங்கள் கரும்பலகையில் ‘1869’ என்று நான் எழுதிய வரி முடிந்துபோன ஒன்றல்ல.

திரும்பிச் சென்றவர்கள்

மெக்சிக்கோ முகாம்களில் இருந்த குவாத்தமாலாப் பெண்கள் 1990 இல் தம் அமைப்புக்கு ‘மாமா மாகீன்’ என்று பெயர் வைத்தனர். அகதிகள் தாமே தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் 1992 ஒக்டோபரில் அரசுடன் உடன்பாடு செய்தனர்: கூட்டமாகத் திரும்புவோம், நிலத்தோடு திரும்புவோம் என்று. 1993 ஜனவரி 20 இல் முதற் கூட்டம் எல்லையைக் கடந்தது. சமாதான உடன்படிக்கை வருவதற்கு இன்னும் மூன்று வருடங்களுக்கு மேல் இருந்தது. திரும்பியவர்களின் வாழ்வு இனித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிலத்தைப் பற்றிப் பேசாத திரும்புதலை அவர்கள் ஏற்கவில்லை. நம் விவாதங்களில் கொடி, எல்லை, தீர்வுத்திட்டம் ஆகியவை பேசப்பட்ட அளவுக்கு, யாருடைய காணி, யாருடைய உழைப்பு என்பவை பேசப்பட்டனவா? மலையகம் அந்த விவாதங்களில் எத்தனை வரி பெற்றது? என் கரும்பலகையில் பெற்ற மூன்று வரியைவிட அதிகமா?

கோபானுக்கு அருகே சிர்ரெப்பெக் என்ற இடத்தில் கெக்சி மக்களின் கூட்டுறவொன்று தேயிலை பயிரிட்டுத் தன் சொந்தத் தொழிற்சாலையில் பதனிடுகிறது. இதை மாத்தளை நண்பருக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தேயிலைக் கொழுந்த கிள்ளறவங்களே பேக்டரியும் வச்சிருக்காங்களா சார்?” என்று கேட்டார். ஆம் என்றேன். “நூத்தி அம்பது வருசமா நமக்கு லயத்துக்கே பத்திரம் இல்லியே” என்றார். மணி அடித்தது. இருவரும் எழுந்து சாக்குகளிடம் போனோம்.

இக்கட்டுரை முடிந்த முடிவல்ல. நிலம், உழைப்பு, திரும்புதல் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து நமது வரலாற்றை மீண்டும் எழுதவேண்டும் என்பதே நான் முன்வைப்பது. மறுப்போர் எழுதுங்கள். மலையகத்திலிருந்து வந்தவர்கள் முதலில் எழுதுங்கள்.